1.7 மில்லிமீட்டர் கழுகு

தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்பதற்கு எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு போட்டோ. ஸ்டுடியோவில் எடுத்தது. காக்கி முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சிரிக்காத முகம். இடது கையில் தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு சதுரத் துணி தைத்திருக்கிறது. போட்டோவில் அது வெறும் கறுப்புக் கட்டம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கறுப்புக்குள் இன்னொரு கறுப்பாக ஏதோ சிறகு விரித்த மாதிரி தெரியும்.

அந்தக் காலத்து ஃபிலிம் பலவற்றுக்குச் சிவப்பு உறைக்காது, கறுப்பாகத்தான் விழும். அதனால்தான் அந்தப் பறவை கட்டத்துக்குள் ஒளிந்துகொண்டது. நிறத்தைச் சொன்னது அம்மா. "செங்கழுகு, செங்கழுகுன்னு சொல்லுவாருடா. கடைசியா ஆஸ்பத்திரியில கெடந்தப்பக்கூட அந்தப் பேச்சுத்தான்."

கறுப்புச் சதுரத்தில் சிவப்புக் கழுகு என்றால் அது நான்காவது இந்திய டிவிஷன். எரித்ரியாவில் கெரன், ஆப்பிரிக்கப் பாலைவனம், துனீசியா, அப்புறம் 1944-ல் இத்தாலியின் மோன்டே காசினோ என்று போன படை. தாத்தா அதில் மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. இந்தப் படையில்தான் சுபேதார் சுப்பிரமணியன் இருந்தார். 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் மிஞ்ஞானோ பக்கம், உடன் வந்தவர் காலடியில் மிதிபட்ட கண்ணி வெடிப்பதற்குள் அதன்மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன என் தாத்தாவும் அதே கழுகைத் தோளில் தைத்துக்கொண்டு அதே மண்ணில் நடந்திருக்கிறார். இது தெரிந்த நாளிலிருந்து அவரை ஒரு பொம்மையாகச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

இருபது வருடமாக மாடல் கட்டுகிறேன். டாங்கி, விமானம், லாரி. பொம்மைகளை டாங்கிக்குத் துணையாக நிற்க வைப்பேனே தவிர, அவர்களுக்கென்று உட்கார்ந்து உழைத்ததில்லை. தாத்தாவைச் செய்ய ஆரம்பித்தபோதுதான், டாங்கிக்கு டெக்கால் ஒட்டுவதும் மனிதனுக்கு ஒட்டுவதும் ஒரே வேலை இல்லை என்று புரிந்தது.

டெக்கால் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் பபிள்கம். சின்ன வயதில் பபிள்கத்தோடு ஒரு தாள் வருமே, கையில் வைத்துத் தண்ணீர் தொட்டு அழுத்தினால் சிங்கமோ டிராகனோ ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒன்றுவிட்ட தம்பி இது. தாளின்மேல் தண்ணீரில் கரையும் பசை, பசைமேல் கண்ணாடி மாதிரி மெல்லிய படலம், படலத்தின்மேல் அச்சு. தண்ணீரில் நனைத்தால் பசை இளகும், படலம் வழுக்கிக்கொண்டு தாளைவிட்டு வரும். வண்டிக்கு ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரில் உரித்து ஒரே தடவையில் ஒட்ட வேண்டும், கோணினால் போச்சு. டெக்கால் அப்படி இல்லை. ஈரம் இருக்கும்வரை நகர்த்தலாம். அந்த ஈரம் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதுதான் மதுரைக்காரனுக்குக் கவலை. சித்திரை மாதத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு டெக்கால் ஒட்டினால், தூரிகையை எடுத்துத் திரும்புவதற்குள் ஓரம் காய்ந்து சுருண்டிருக்கும். நான் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தொடுவேன். ஃபேனை நிறுத்திவிடுவேன்.

தண்ணீரும் முக்கியம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகக் கறை படியும். டெக்காலைச் சுற்றிலும் அதே கறை வரும், அதைத் துடைக்கப் போனால் டெக்காலும் கூட வரும். ரொம்ப நாள் கேன் தண்ணீர் வைத்துச் சமாளித்தேன். இப்போது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்தான். வடித்த தண்ணீர், உப்பு கிடையாது. ஒரு கேன் வாங்கினால் இந்த வேலைக்கு வருடக்கணக்கில் வரும்.

சரி, தாத்தாவுக்கு வருகிறேன். 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கில், ஐந்தரை அடி மனிதன் 4.8 சென்டிமீட்டர் உயரம் நிற்பான். தோளில் உள்ள துணி ஆறு சென்டிமீட்டர் சதுரம் என்று வைத்துக்கொண்டால், பொம்மையில் அது 1.7 மில்லிமீட்டர். ஒரு கடுகு. அந்தக் கடுகுக்குள் கழுகு சிறகை விரிக்க வேண்டும்.

முதலில் கடையில் விற்கும் டெக்காலில் தேடினேன். செங்கழுகு போட்ட ஷீட் வெளிநாட்டுக் கடை ஒன்றில் கிடைத்தது. ஆனால் அது வண்டிகளுக்கானது. வண்டியில் எழுதும் சின்னம் ஒரு சாண் அளவு. 1/35-ல் அது ஆறு மில்லிமீட்டருக்கு மேல் வரும், பொம்மையின் பாதி முதுகை மறைத்துவிடும். சரி, 1/72 அளவு ஷீட்டை வாங்கலாம் என்று கணக்குப் போட்டால் அதுவும் மூன்று மில்லிமீட்டர். இருந்தாலும் பார்த்து வரைய உதவுமே என்று பெரிய ஷீட்டையே வரவழைத்தேன். ஐப்பசி மழை. கொண்டுவந்தவர் மணி அடிக்காமல் கேட்டுக்கு அடியில் உறையைச் செருகிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் நான் வந்து எடுக்கும்போது உறை ஊறிப்போயிருந்தது. தண்ணீர் பட்டால் கழன்று வருவதற்கென்றே செய்த பொருள் அல்லவா? எல்லாக் கழுகும் தாளைவிட்டுக் கழன்று உறையின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. ரொம்ப வருத்தமாக இருந்தது. காசு ஒரு பக்கம், ஒன்றரை மாதம் காத்திருந்தது இன்னொரு பக்கம். இப்போது எந்த டெக்காலை வரவழைத்தாலும் ஜிப் கவரில் போட்டு அனுப்பச் சொல்லி முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அதன்பிறகுதான் சொந்தமாக அச்சடிப்பது என்று முடிவு செய்தேன். டெக்கால் தாள் இரண்டு வகை. ஒன்று நிறமில்லாத படலம், இன்னொன்று வெள்ளைப் படலம். நம் பிரிண்டர்களுக்கு வெள்ளை அடிக்கத் தெரியாது. தாளின் வெள்ளையைத்தான் அவை வெள்ளை என்று காட்டும். நிறமில்லாத படலத்தில் சிவப்பை அடித்துக் காக்கி மேல் ஒட்டினால் சிவப்பு செத்துப்போகும், அழுக்கு மாதிரி இருக்கும். பெரிய கம்பெனிகள் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் முதலில் வெள்ளை அடித்து, அதன்மேல் நிறம் அடிக்கிறார்கள். அதில் வெள்ளை ஒரு நூல் நகர்ந்தால் சின்னத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். சிவகாசி பிரஸ்காரர்கள் ரிஜிஸ்டர் அவுட் என்பார்களே, அதேதான். எனக்கு வேண்டியது முழுச் சதுரம் என்பதால் வெள்ளைத் தாளே போதும். கறுப்பும் சிவப்புமாக முழுக்கட்டத்தையும் அடித்து, ஓரத்தோடு வெட்டிவிட்டால் வெள்ளை வெளியே தெரிய வழியில்லை. வெட்டிய விளிம்பில் மட்டும் மயிரிழை மாதிரி வெளுப்பு தெரியும், அதைக் கறுப்பு பெயின்ட் தொட்டு அடைத்துவிடலாம்.

லேசர் பிரிண்டருக்கான தாள் வாங்கினேன். இங்க்ஜெட் தாளை லேசரில் விட்டால் உள்ளே இருக்கும் சூட்டில் படலம் உருகி உருளையைச் சுற்றிக்கொள்ளும். இது தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் தாளைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "சார், மெஷின் போச்சுன்னா நான் என்ன செய்ய?" அவர் கேட்டது நியாயம். மூன்றாவது கடையில் சம்மதித்தார்கள். 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி வைக்கும் பிரிண்டரில் 1.7 மில்லிமீட்டர் என்பது நாற்பது புள்ளி. நாற்பது புள்ளி அகலத்துக்குள் அலகு, கழுத்து, இரண்டு சிறகு, நகம் எல்லாம் வர வேண்டும். முதலில் இறகு இறகாக வரைந்து கொடுத்தேன், சிவப்புக் கறையாக வந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். இறகைக் கழித்தேன், கண்ணைக் கழித்தேன், நகத்தை ஒற்றைக் கோடாக்கினேன். சிறகின் வளைவும் அலகின் முனையும் மட்டும் மிஞ்சியபோது, கையை நீட்டி வைத்துப் பார்த்தால் அது கழுகாகப் பறந்தது. ஒரு முழம் தூரத்தில் நாம் எதை வைத்துக் கழுகு என்று அறிகிறோமோ அது மட்டும் போதும். ஒரு ஏ4 தாளின் மூலையில் அறுபது கழுகு அடித்து வாங்கினேன்.

முதல் கழுகை ஒட்டினேன். எல்லாம் முறைப்படிதான் செய்தேன். ஆனாலும் பார்க்க நன்றாக இல்லை. சட்டையில் யாரோ கட்டம் போட்டு அச்சடித்த மாதிரி இருந்தது. கோணவில்லை, கிழியவில்லை, எங்கே தப்பு என்றே தெரியவில்லை. இரண்டு வாரம் அப்படியே மேசையில் நின்றார் தாத்தா.

விடை கிடைத்தது ஒரு தையல்காரரிடம். புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்களை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேஷம் கட்டுபவர்களுக்கு உடுப்பு தைத்தவர்கள். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபின் அங்கே போய்விட்டார்கள். அங்கே மகளின் பள்ளி ஆண்டுவிழா உடுப்புக்காகப் போனபோது, எனக்குப் பழக்கமான பாயிடம் போனில் தாத்தாவின் படத்தைக் காட்டினேன். தோள் பக்கத்தைப் பெரிதாக்கினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது சட்டை தச்சு முடிச்சப்புறம் வச்ச துணி தம்பி. கையைப் பிரிக்காம தச்சிருக்காங்க. இங்க பாருங்க, கீழ் மூலையில சட்டை சுருங்கி இழுக்குது."

அப்படியா பாய், எனக்குத் தெரியவே இல்லையே என்றேன். பக்கத்தில் கிடந்த வெட்டுத்துணியில் ஒரு சின்னச் சதுரத்தை வைத்து, ஊசியால் நாலு மூலையும் குத்திக் காட்டினார். சதுரம் தனியாக நின்றது. சுற்றியுள்ள துணி அதை நோக்கி நூல் மாதிரி சுருக்கம் விட்டது. "ரெண்டு துணி. ரெண்டும் ஒண்ணாப் போகாது. கஞ்சி போட்டுப் பெட்டி போட்டா மேல் துணி வெறச்சு நிக்கும், அடித்துணி மடங்கும்."

ரெண்டு துணி. இருபது வருடம் நான் இரும்பின்மேல் எழுதிய பெயின்ட்டைத்தான் டெக்காலில் செய்துகொண்டிருந்தேன். டாங்கியின் எண்ணுக்குத் தடிமன் கிடையாது. அது இரும்போடு இரும்பாக இருக்க வேண்டும், டெக்கால் கண்ணுக்குத் தெரியவே கூடாது. மனிதன் உடம்பில் இருப்பது தைத்த துணி. அதற்கு ஓரம் உண்டு, நிழல் உண்டு, சட்டையோடு ஒரு இழுபறி உண்டு. டெக்காலைப் படிய வைப்பதோடு நான் நிறுத்திவிட்டேன், அதனால்தான் அது அச்சு மாதிரி இருந்தது.

அடுத்த முறை செய்ததை அப்படியே எழுதுகிறேன். புதிதாகப் பொம்மை செய்யும் யாருக்காவது உதவும்.

கத்தி அறுவை சிகிச்சை பிளேடு, 11-ஆம் நம்பர். பெரியாஸ்பத்திரிப் பக்கம் மெடிக்கல் கடைகளில் கிடைக்கும். ஒரு சதுரத்துக்கு ஒரு முனை, தேய்ந்தால் படலம் கிழியும். கண்ணாடித் துண்டின்மேல் வைத்து இழுக்காமல் அழுத்தி வெட்டினேன். நாலு அழுத்தம், நாலு பக்கம். இடுக்கியால் எடுத்துப் பேட்டரித் தண்ணீரில் இருபது விநாடி. அப்புறம் வெளியே எடுத்து டிஷ்யூமேல் வைத்துவிட வேண்டும். தண்ணீரிலேயே விட்டால் பசை முழுக்கக் கரைந்துபோகும், இந்த அளவுக்குப் படலத்தையே தேட வேண்டியதாகிவிடும்.

இதற்கு முந்தைய நாளே பொம்மையின் தோளில் அந்த இடத்துக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ் இரண்டு தடவை கொடுத்துக் காயவிட்டிருந்தேன். காக்கி பெயின்ட் மங்கலானது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அதன்மேல் ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று தங்கி, வெளிச்சம் பட்டால் வெள்ளி மாதிரி மினுங்கும். எங்கள் ஆட்கள் சில்வரிங் என்பார்கள். ஒருமுறை வந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு. ஊசியால் குத்தி மருந்து விட்டுப் பார்க்கலாம், பாதிதான் போகும்.

தோளில் முதலில் மைக்ரோ செட் என்ற டெக்கால் மருந்து ஒரு சொட்டு. நீல லேபிள், வினிகர் வாசனை வரும். நனைந்த தூரிகை முனையால் கழுகை எடுத்து அந்தச் சொட்டில் இறக்கினேன். மிதந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு மேல் விளிம்பைத் தோள் தையலுக்கு இணையாகத் திருப்பினேன். டிஷ்யூவின் கிழிந்த முனையால் ஓரத்தில் ஈரத்தை உறிஞ்சினேன். உட்கார்ந்தது. பத்து நிமிடம் கழித்து மைக்ரோ சோல், இது சிவப்பு லேபிள், கடுமையானது. படலத்தையே இளக்கி, அடியில் உள்ள மடிப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே படிய வைக்கும். வைத்ததும் டெக்கால் சுருங்கி, கிழவி கன்னம் மாதிரி ஆகும். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்து தொட்டுவிடுவார்கள். தொடவே கூடாது. தன்னால் விரிந்து படியும். பாய் சொன்ன கீழ் மூலைக்காக, பெயின்ட் அடிக்கும் முன்பே அந்த இடத்தில் கத்தி நுனியால் இரண்டு சுருக்கம் செதுக்கி வைத்திருந்தேன். கழுகின் வால் பக்கம் அந்தச் சுருக்கத்துக்குள் இறங்கி, மேல் பாதி விறைப்பாக நின்றது.

மறுநாள் மங்கலான வார்னிஷ். அதன்பின்தான் தையல். அடர்ந்த பழுப்பு நிறத்தை நன்றாக நீர்த்து, மூன்று பூஜ்யம் என்ற மிக மெல்லிய தூரிகையால் கீழ் விளிம்புக்கும் பின்பக்க விளிம்புக்கும் ஒரு நிழல் கோடு. மேல் விளிம்பில் காக்கியை வெளுக்க வைத்து ஒரு வெளிச்சக் கோடு. இந்த இரண்டு கோட்டில் சதுரம் சட்டையைவிட்டு எழுந்தது. கறுப்பும் கன்னங்கரேல் என்று இருக்கக் கூடாது. பாலைவன வெயிலிலும் துவைப்பிலும் எந்தக் கறுப்பும் சாம்பல் ஓடியிருக்கும். சட்டைக்கு அடித்த தூசி நிறத்தையே தண்ணீர் மாதிரி நீர்த்து, சின்னத்தின் மேலும் ஒருமுறை ஓட்டினேன். சிவப்பு அடங்கியது.

எல்லாவற்றையும் டெக்காலிலேயே செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நாயக், ஹவில்தார் என்று பதவியைக் காட்டும் V வடிவப் பட்டைகளைக் கையாலேயே வரையலாம், நேர்கோடுதானே. முனை கீழே இருக்க வேண்டும். அமெரிக்க ஷீட்டில் உள்ளதை அப்படியே ஒட்டினால் முனை மேலே போய்விடும், நம் ஆட்கள் அமெரிக்கப் பட்டாளம் ஆகிவிடுவார்கள். கண்ணுக்கும் டெக்கால் விற்கிறார்கள். ஜப்பான் கார்ட்டூன் பொம்மைகளுக்கு அது அழகு. நான் செய்யும் முகங்களுக்கு வைத்தால் எல்லோரும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள். விளாச்சேரியில் கொலு பொம்மைக்குக் கண் எழுதுபவரை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பொம்மைக்கும் பார்வை ஒரு நூல் மாறும். அதை எந்த அச்சிலும் கொண்டுவர முடியாது என்பது என் எண்ணம். எழுத்தும் சின்னமும் டெக்காலுக்கு, முகம் கைக்கு.

முடித்த அன்று அம்மாவிடம் கொடுத்தேன். மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. விரல் நுனியால் அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்தார். வார்னிஷ் காய்ந்திருந்தது, தொடட்டும் என்று விட்டுவிட்டேன்.

"கழுகு சரியா இருக்கு. ஆனா அப்பா கையை இப்படி விட மாட்டாருடா. போட்டோவுக்காக விட்டிருப்பாரு. காக்கிச் சட்டையைத் தோட்டத்துக்குப் போட்டுட்டுப் போவாரு பாரு, முழங்கைக்கு மேல நாலு மடி மடிச்சு இறுக்கி விட்டிருப்பாரு. வெத்தலைக் கொடிக்காலுக்குத் தண்ணி பாச்சையிலயும் அந்த மடிப்பு அவுராது."

போட்டோவில் இல்லாத கை அது. முழங்கைக்கு மேல் மடிப்பு வந்தால் சட்டைக்கை முழுவதும் மேலே தள்ளும், சதுரத்துக்கு அடியில் துணி புடைக்கும், கழுகின் கீழ்ப்பாதி வெளியே சாயும். ஜிப் கவரில் இன்னும் ஐம்பத்திரண்டு கழுகு இருக்கிறது. நேற்று ராத்திரி இன்னொரு பொம்மையின் கையை முழங்கைக்கு மேலே அறுத்து எடுத்துவிட்டு, பிசைந்து வைத்தால் இறுகிவிடும் எபாக்ஸி புட்டியை மெல்லிசாகத் தேய்த்து முதல் மடியைச் சுற்றினேன். இன்றைக்கு இரண்டாவது மடி.